எதை வளர்ப்பது? பகல் பதினோரு மணிக்கு வீட்டில் யார்?

மாட்டுப் பொங்கலன்று எங்கள் வீட்டில் மாடு இல்லை. கொட்டில் மட்டும் இருக்கிறது. அதில் என் பைக்கும் நாலு உர மூட்டையும் கிடக்கின்றன. அம்மா வழக்கத்தை விடாமல் கொட்டில் வாசலைக் கழுவிக் கோலம் போட்டார். அதைப் பார்த்த என் மகள், "ஏன் பாட்டி, பைக்குக்கா மாலை போடப் போறீங்க?" என்று கேட்டாள். வீட்டில் எந்தப் பிராணியை வளர்ப்பது என்ற பேச்சு அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், வாய்க்கால் ஓரமாகக் கொல்லையோடு கூடிய வீடு எங்களுடையது. அன்றைக்குத் தஞ்சாவூரிலிருந்து தம்பி குடும்பமும் கும்பகோணத்திலிருந்து அத்தையும் வந்திருந்தார்கள். மகளுக்கு லாப்ரடார் நாய் வேண்டுமாம். மகனுக்கு மீன் தொட்டி. தம்பி மகனுக்கு முயல். அத்தைக்குக் கிளி. அம்மாவுக்கு, சொல்லவே வேண்டாம், மாடு. என் மனைவிக்கு மட்டும் எதுவும் வேண்டாம். "ஆசைப்படுறது நீங்க எல்லாரும், அள்ளிக் கொட்டுறது நானா?" என்றார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

பிறகு ஒரு மாதம் போல விசாரித்தேன். எந்தப் பிராணி நல்லது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்றைச் சொன்னார்கள். கேள்வியே தப்பு என்பது மெதுவாகத்தான் புரிந்தது. கேட்க வேண்டியவை இரண்டு. சாதாரண வேலை நாளில் பகல் பதினோரு மணிக்கு வீட்டில் யார் இருப்பார்கள்? குடும்பத்தோடு நாலு நாள் வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? டெல்டாவில் இந்த இரண்டாவது கேள்வி சின்ன விஷயமில்லை. தை பிறந்தால் கல்யாணம், வைகாசியில் கல்யாணம், ஆவணியில் கல்யாணம். நடுவில் குலதெய்வம் கோயில், காதுகுத்து, சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் பிள்ளை வீடு. வருஷத்தில் எத்தனை நாள் வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஒரு தடவை காலண்டரை வைத்து எண்ணிப் பாருங்கள். நாங்கள் எண்ணினோம். இருபத்தேழு நாள்.

முதலில் நாய். ஆசை அதிகம் இருந்ததும் அதில்தான், நான் அதிகம் அலைந்ததும் அதற்குத்தான்.

லாப்ரடார் நல்ல குணமுள்ள நாய், குழந்தைகளோடு ஒட்டிக்கொள்ளும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் பூர்வீகம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து. குளிர்ந்த கடல் தண்ணீரில் இறங்கி மீனவர்களுக்கு வேலை செய்த நாய்களின் வழி வந்தது. உடம்பில் இரண்டு அடுக்கு முடி. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது; நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். நம் சித்திரை வெயிலில் வெறும் சூடு மட்டும் இருந்தால் கூடப் பரவாயில்லை. கூடவே புழுக்கம் இருக்கிறதே, அதுதான் வில்லன். காற்றில் ஈரம் அதிகமானால் மூச்சிரைப்பதால் பெரிய பலன் கிடைப்பதில்லை. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இது இன்னும் மோசம், அவற்றுக்கு மூச்சுக்குழலே குறுகல். மழைக்காலம் வந்தால் தொங்கும் காதுக்குள் ஈரம் தங்கிச் சீழ் பிடிக்கும். லாப்ரடாருக்குத் தீனிப் பிரியம் வேறு. நடை குறைந்தால் சீக்கிரமே பெருத்துவிடும், இடுப்பு மூட்டும் பலவீனப்படும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் வளர்க்கிறார்கள். மே மாதம் முழுக்க அது மின்விசிறிக்கு அடியில் தரையோடு தரையாகக் கிடக்கும். வளர்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஏசி அறை, காலை ஐந்தரைக்கும் இருட்டிய பிறகும் நடத்திக் கூட்டிப்போக ஓர் ஆள், மாதாமாதம் தீனிக்கும் மருத்துவருக்கும் தயங்காத பணம், இந்த மூன்றும் இருந்தால் எடுங்கள்.

"அப்போ நம்ம ஊர் ஜாதி நாய் எடுக்கலாமே அண்ணே, ராஜபாளையம், சிப்பிப்பாறை?" என்றான் தம்பி. வெயில் தாங்கும், முடி குட்டை, பார்வைக்கும் கம்பீரம். இந்தியத் தபால்துறை 2005-இல் நாய்களுக்கு வெளியிட்ட தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. ஆனால் இவை தெற்கே வறண்ட பூமியில் முயலையும் பன்றியையும் துரத்தியவை. சிப்பிப்பாறை ஓடப் பிறந்தது. அதைத் தஞ்சாவூரில் மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் வைத்து வளர்ப்பது, குதிரையைத் திண்ணையில் கட்டுவது மாதிரி. ராஜபாளையத்தில் சுத்த வெள்ளைக் குட்டிகளில் காது கேளாதவை பிறப்பதுண்டு. வாங்குகிறவர் குட்டிக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்க வேண்டும். அப்புறம், இவை ஓர் ஆளுக்கு அடங்கும், வருகிறவர் போகிறவரிடம் குழையாது. எப்போதும் ஆள் வந்து போகும் வீட்டுக்கு அது தலைவலி.

மிச்சம் இருப்பது, யாரும் விலைக்கு விற்காத நம் தெரு நாட்டு நாய். அடைமழைக் காலத்தை ஒட்டித்தான் தெருவில் அதிகமாகக் குட்டிகளைப் பார்க்கலாம். பாதி மழையிலும் மீதி வண்டிச் சக்கரத்திலும் போகும். தாயிடமிருந்து எட்டு வாரத்துக்கு முன்னால் குட்டியைப் பிரிக்கக் கூடாது, கடிக்காமல் விளையாடக் கற்றுக்கொள்வதே அந்த நாட்களில்தான். அதனால் கார்த்திகையில் கண்ணில் பட்ட குட்டியைத் தை மாதம் வீட்டுக்குக் கொண்டுவரலாம். இந்த மண்ணின் வெயிலுக்கும் சேற்றுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பழகிய உடம்பு. மோர்ச்சாதமும் முட்டையும் கொஞ்சம் வேகவைத்த கறியும் போதும். வேகவைத்த கோழி எலும்பு மட்டும் ஆகாது, சிராய் சிராயாக உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு விஷம். எங்கள் அம்மாவிடம் வெங்காயத்தைச் சொன்னபோது நம்பவே இல்லை. "நம்ம மணி சாம்பார் சாதமே தின்னுச்சே" என்றார். தின்றது. ஆறு வயதில் போய்ச் சேர்ந்தது. காரணம் என்னவென்று அன்றைக்கு யார் பார்த்தார்கள்?

நாட்டு நாய் இலவசம் என்பதால் செலவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஆறு முதல் எட்டு வாரத்தில் குட்டிகளைக் கொல்லும் பார்வோ என்ற கழிச்சல் நோய் உள்ளிட்டவற்றுக்குத் தடுப்பூசி தொடங்க வேண்டும், மூன்று நான்கு வார இடைவெளியில் மறுபடியும். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, அதன்பின் ஆண்டுதோறும். குடற்புழு மருந்து. கருத்தடை அறுவை. உண்ணிக்குத் தனியாக ஒரு போராட்டம். மழை விட்டதும் கொல்லைப் புல்லிலிருந்து ஏறும், உண்ணிக் காய்ச்சல் வந்தால் நாய் சாப்பாட்டை விட்டுச் சுருண்டுவிடும். நம் பக்கத்துக்கே உரிய இன்னொன்றும் உண்டு, எலிக்காய்ச்சல். வயல் எலியின் மூத்திரம் கலந்த தேங்கிய தண்ணீரில் இருக்கும் கிருமி நாய்க்கும் வரும், நாயிடமிருந்து மனிதருக்கும் வரும். வாய்க்கால் ஓர வீட்டுக்காரர்கள் தடுப்பூசியில் லெப்டோவும், அதாவது இந்த எலிக்காய்ச்சலுக்கானதும், சேர்ந்திருக்கிறதா என்று மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கடி விஷயத்தில் மட்டும் விளையாட்டு கூடாது. சொந்த நாயோ, தெரு நாயோ, பூனையோ, கடித்தாலும் பிராண்டினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும். ஊசி அங்கே இலவசம். நோய் வெளியே தெரிந்துவிட்டால் அதன்பிறகு காப்பாற்ற வழி கிடையாது.

நாய் வளர்ப்பில் உண்மையான செலவு நேரம்தான். பகலெல்லாம் சங்கிலியில் கட்டிப் போட்ட நாய் வெறுப்பேறிக் குரைக்கும், கடைசியில் கடிக்கும். பத்து முதல் பதிமூன்று வருஷம் உங்களோடு இருக்கும். இன்று ஏழாம் வகுப்பு படிக்கும் பெண் நாய் கேட்கிறாள் என்றால், அவள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகும் அந்த நாய் வீட்டில்தான் இருக்கும்.

சரி, பூனைக்கு வருவோம். பகல் பதினோரு மணிக்கு ஆளில்லாத வீட்டுக்குப் பூனை நாயைவிடப் பொருத்தம். நடை கூட்டிப்போக வேண்டாம். மணல் தட்டு ஒன்று வைத்துவிட்டால் அதற்கே பழகிக்கொள்ளும். நெல் மூட்டை அடுக்கும் வீட்டில் எலிக்குப் பயந்து வாழ வேண்டியதில்லை.

ஆனால் கும்பகோணத்து அத்தை, கிளி இல்லாவிட்டால் பூனையாவது என்று இறங்கி வந்தபோது நான்தான் தடுத்தேன். அவர் வீட்டில் முட்டைகூட நுழையாது. "பாலும் தயிர்சாதமும் போட்டா போச்சு" என்றார். நாய் கவனமாகக் கொடுத்தால் சைவச் சாப்பாட்டில் ஓரளவு சமாளித்துவிடும், பூனையால் முடியாது. டாரின் என்றொரு சத்து அதற்குக் கட்டாயம், அது மாமிசத்தில்தான் இருக்கிறது. கிடைக்காவிட்டால் கண் பார்வை போகும், இதயம் வீங்கும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலே செரிக்காது, பேதிதான் ஆகும். கதையில் வரும் பூனை பால் குடிக்கட்டும், வீட்டுப் பூனைக்குத் தண்ணீரும் மீனும் போதும். வீட்டுக்குள் கருவாட்டு வாசம் வரக்கூடாது என்பவர்கள் பூனைத் தீனிப் பொட்டலம் வாங்கலாம், அதிலும் மீனோ கோழியோதான் இருக்கும். அதுவும் கூடாது என்றால் பூனை வேண்டாம். இதில் நடுவழி கிடையாது.

இன்னும் மூன்று சங்கதி. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனையின் மணல் தட்டை வேறொருவர்தான் சுத்தம் செய்ய வேண்டும், தினமும். பெட்டைப் பூனைக்கு ஐந்தாறு மாதத்தில் கருத்தடை செய்யாவிட்டால், சினை இரண்டே மாதம்தான், வருஷத்துக்கு இரண்டு ஈற்றும் போடும், பிறகு குட்டிகளைச் சாக்கில் கட்டிப் பக்கத்து ஊர்ப் பாலத்தடியில் விடும் பாவத்தைத் தேடிக்கொள்வீர்கள். மூன்றாவது எலி மருந்து. முன்பெல்லாம் வயலில் மூங்கில் கிட்டி வைப்பார்கள், தஞ்சாவூர் கிட்டி என்றே அதற்குப் பெயர். இப்போது கதிர் வரும் நேரத்தில் வரப்பெல்லாம் மருந்து. சுற்றித் திரியும் பூனை அந்த எலியைத் தின்றுவிட்டு வந்து படுக்கும். நடவு வயலை ஒட்டிய வீடுகளில் பூனை எவ்வளவு நாள் இருக்கும் என்பது உங்கள் கையில் மட்டும் இல்லை.

மீன். ஒவ்வொரு வீட்டிலும் "மீன்தான் ரொம்ப ஈசி" என்று ஒருவர் சொல்வார். ஈசிதான், கண்ணாடிக் கிண்ணத்தில் தங்கமீன் போடும் பழக்கத்தை விட்டால். தங்கமீன் நன்றாக வைத்தால் பத்து வருஷம் கூட வாழும், அரையடிக்கு வளரும், நிறையக் கழிவு போடும். கிண்ணத்தில் அது தன் கழிவின் அமோனியாவிலேயே செத்துப்போகும். நாம் "தண்ணி ஒத்துக்கலை" என்போம். நம் வெயிலுக்கும் நம் மின்வெட்டுக்கும் ஏற்றது ஃபைட்டர் மீன். இருபது லிட்டர் தொட்டி, ஓர் ஆண் மீன், இரண்டு செடி. வெந்நீர்க் கருவி தேவையில்லை. தண்ணீரின் மேல்பரப்புக்கு வந்து காற்றையே நேராக மூச்சிழுக்கும். மழை நாளில் வயலில் ஊர்ந்து போகுமே பனையேறிக் கெண்டை, அதற்குத் தூரத்து உறவு. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு இந்தப் பக்கம் எத்தனையோ ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. காற்றுக் குழாயை நம்பியிருந்த தொட்டி மீன்கள் அப்படிப்பட்ட நாட்களில் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நாலு நாள் வெளியூர் போனாலும் வளர்ந்த மீனுக்குப் பட்டினியால் ஒன்றும் ஆகாது. வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். மொத்தத்தையும் கொட்டித் தொட்டியைத் தேய்த்துக் கழுவினால் அமோனியாவைத் தின்னும் நல்ல கிருமிகளும் போய்விடும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுவது நல்லது. ஒரு வேண்டுகோள்: சலித்துப்போனால் கோயில் குளத்திலோ ஆற்றிலோ விடாதீர்கள். டேங்க் கிளீனர் என்று விற்கும் உறிஞ்சு மீனும், கண்ணோரம் சிவப்புக் கோடு போட்ட ஆமையும் அப்படித்தான் வெளியே போய், ஊர் மீனின் இடத்தைப் பிடிக்கின்றன.

முயலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். முப்பது டிகிரியைத் தாண்டினாலே அதற்குத் திணறல். பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் நாளெல்லாம் புல் கடிக்க வேண்டும். தூக்கினால் உதறும், உதறும்போது முதுகெலும்பு உடையும். சின்னப் பிள்ளைகள் அதைத் தூக்காமல் விடுவார்களா? தம்பி மகனிடம் இதைச் சொன்னபோது மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

அத்தையின் கிளிக்கு நேராகச் சட்டமே குறுக்கே நிற்கிறது. பச்சைக்கிளி, முனியா என்ற சின்னக் குருவி, நட்சத்திர ஆமை இவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். "ஆண்டாள் கையிலேயே கிளி இருக்கேடா" என்றார். இருக்கிறது, ஆனால் அது கூண்டில் இல்லையே அத்தை என்றேன். கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லி விற்பது பெரும்பாலும் பட்ஜெரிகார், ஆஸ்திரேலியப் பறவை, அதை வளர்க்கத் தடையில்லை. தனியாக வைத்தால் ஏங்கிப்போகும், ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். தினையும் கீரையும் சாப்பிடும். கூண்டை அடுக்களையில் தொங்கவிடக் கூடாது, ஒட்டாத தோசைக்கல் அதிகம் காய்ந்தால் கிளம்பும் புகை பறவைகளைக் கொன்றுவிடும். இதெல்லாம் அத்தைக்குச் சிக்கலே இல்லை, பகல் பதினோரு மணிக்கு அவர் வீட்டில்தான் இருக்கிறார். இரண்டாவது கேள்விதான் இடித்தது. வருஷத்தில் மூன்று மாதம் பெங்களூரில் மகன் வீடு. கூண்டோடு பஸ்ஸில் போக முடியுமா?

நாட்டுக்கோழியை யாரும் செல்லப் பிராணிக் கணக்கில் சேர்ப்பதில்லை. கொல்லை இருக்கிறவர்கள் சேர்க்கலாம். இருபத்தொரு நாள் அடையில் உட்கார்ந்து குஞ்சு பொரிப்பதை ஒரு பிள்ளை கண்ணால் பார்ப்பதற்கு ஈடான பாடம் பள்ளிக்கூடத்தில் இல்லை. ராத்திரி பஞ்சாரத்தில் கவிழ்த்தால் போதும், வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து மட்டும் தவறக் கூடாது. ஒரே ஒரு சங்கடம்: பிள்ளைகள் பெயர் வைத்துவிட்ட கோழியை ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைக்க முடியாது. கறிக்கோழி வேறு, வீட்டுக்கோழி வேறு என்று முதல் நாளே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

மாடு அம்மாவின் ஆசை என்பதால் அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது உம்பளச்சேரி. தலைஞாயிறு பக்கத்து உம்பளச்சேரி ஊரின் பெயரையே கொண்ட இனம். சேற்று உழவுக்குப் பேர்போனது, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. கன்று செவலையாகப் பிறந்து, ஆறு மாதத்துக்கு மேல் மெதுவாகச் சாம்பல் நிறத்துக்கு மாறும். அம்மா அதைச் சொல்லும்போது முகமே மாறுகிறது. பால் அதிகம் கறக்காது, அதனால் பால் விற்றுச் செலவை ஈடுகட்டலாம் என்ற எண்ணம் வேண்டாம். மாட்டுக்கு லீவே கிடையாது. தீனி, தண்ணீர், சாணி, சினைக்கு ஊசி எல்லாமே கடிகாரப்படி. இருபத்தேழு நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டில் மாடு நிற்க முடியாது. அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. சாணி அள்ள ஆள் வைக்கத்தான் வேண்டும். ஊரில் மாடு பார்க்க ஆள் கிடைப்பது, நடவுக்கு ஆள் கிடைப்பதைவிடக் கஷ்டம். மாடோ நாயோ, கொட்டிலில் கட்டி வளர்ப்பவர்கள் ஒன்றைச் செய்ய வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் முதலில் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். கஜாவில் கட்டிப் போட்ட இடத்திலேயே செத்த கால்நடைகள் பல. வீட்டுக்கே வந்து பார்க்கும் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண். பெரிய சிகிச்சைக்கு எங்கள் பக்கத்தவர்கள் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகிறார்கள்.

கடைசியில் நடந்தது இதுதான். தம்பி வீட்டில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், வீடும் மூன்றாவது மாடி. அங்கே ஒரு நீல ஃபைட்டர் மீன் வந்தது. முயல் கேட்டவன் அதற்கு முயல் என்றே பெயர் வைத்திருக்கிறான். அத்தை எதுவும் வாங்கவில்லை. கொல்லைக் கொய்யா மரத்தடியில் சட்டியில் தண்ணீரும் கைப்பிடி நெல்லும் வைக்கிறார். காலையில் ஏழெட்டுக் கிளிகள் வருகின்றன. இந்த வருஷம் ஒரு கொய்யாப்பழம்கூட அவருக்கு மிஞ்சவில்லை என்று போனில் புலம்பினார். புலம்பலா பெருமையா என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டுக்கு, அம்மா பகலில் இருக்கிறார் என்பதாலும், நாங்கள் ஊருக்குப் போனால் எதிர்வீட்டுச் சித்தப்பா பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்ததாலும், ரேஷன் கடைச் சந்திலிருந்து ஒரு செவலை நாட்டுக்குட்டி வந்தது. வருவதற்கு முன்பே என் மனைவி காலண்டரின் பின்பக்கத்தில் வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பெயர் போட்டு எங்களிடம் கையெழுத்து வாங்கினார். அவர் பெயர் அதில் ஓர் இடத்திலும் இல்லை. காலை நடை மகள், மாலை நடை நான், தண்ணீர்ச் சட்டி மகன், மதியச் சோறு அம்மா. உரத்தைக் குட்டி வாயில் வைத்தால் ஆபத்து என்று மருத்துவர் சொன்னதால் மூட்டைகளை மாடிப்படிக்கு அடியில் பூட்டி வைத்தாயிற்று. கொட்டில் இப்போது குட்டிக்கு. பைக் வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறது.